விர்ஷும் எஸ்எஸ்ஹெச்சும்: கருப்புத் திரையிலிருந்து விஎம் மேய்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு லினக்ஸ் பெட்டி, அதற்குள் நாலைந்து மெய்நிகர் இயந்திரங்கள். நாம் எல்லோரும் விஎம் என்று சொல்வது அதைத்தான். இவற்றை டெர்மினலில் கட்டளை அடித்தே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்தவர்களுக்காக இது. உபுண்டு அல்லது டெபியன் ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் அந்தப் பெட்டி), அதன் மேல் கேவிஎம் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்லும் ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

மவுஸால் சொடுக்கினாலே வேலை நடக்கிறதே, கட்டளை எதற்கு?

ஒரே ஒரு விஎம் என்றால் சொடுக்குங்கள், ஒரு குற்றமும் இல்லை. விர்ட்-மேனேஜர் நல்ல மென்பொருள்தான், நானும் புது விஎம் அமைக்கும்போது சில நேரம் அதைத் திறப்பேன். ஆனால் இரவுப் பேருந்தில் போகும்போது சர்வர் படுத்துவிட்டது என்று அழைப்பு வருகிறது, ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கிறது, அந்த நேரத்தில் படமாகத் திரையை அனுப்பும் எதுவும் நகராது. டெர்மினல் வெறும் எழுத்து என்பதால் தள்ளாடித் தள்ளாடியாவது வந்துசேரும். இன்னொன்று, போன மாதம் என்ன செய்தோம் என்று ஹிஸ்டரியில் தேடிப் பார்க்கலாம். எந்தப் பொத்தானைச் சொடுக்கினோம் என்பதற்கு அப்படி ஒரு குறிப்பு கிடையாது.

கேவிஎம், கியூஎமு, லிப்விர்ட், விர்ஷ். இதில் எது என்ன?

கேவிஎம் கெர்னலுக்குள் இருப்பது. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கெர்னலில் சேர்ந்தது, சிபியுவில் இருக்கும் மெய்நிகராக்க வசதியை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. கியூஎமு, ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்டது. கெஸ்டுக்கு, அதாவது விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு, முன்னால் மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று எல்லா வேடமும் போட்டு நடிப்பது அதுதான். இந்த இரண்டையும் மேய்க்கும் மேஸ்திரி லிப்விர்ட். மேஸ்திரியிடம் நாம் பேசும் வாய் விர்ஷ்.

இதில் கைக்கு உதவும் விஷயம் ஒன்று: ஹோஸ்டின் கண்ணுக்கு ஒவ்வொரு விஎம்மும் ஒரு கியூஎமு ப்ராசஸ்தான். டாப் போட்டுப் பார்த்தால் வரிசையாகத் தெரியும். எந்த விஎம் சிபியுவைத் தின்கிறது என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். விர்ஷ் உதவிப் பக்கங்களில் விஎம்மை டொமைன் என்று எழுதியிருப்பார்கள், அது ஜென் என்ற வேறொரு மெய்நிகராக்க மென்பொருளின் காலத்திலிருந்து வந்த சொல். இணையதள டொமைனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

விர்ஷ் லிஸ்ட் போட்டால் ஒன்றுமே வரவில்லை. என் விஎம்கள் எங்கே போயின?

பயப்படாதீர்கள், இது எல்லோரும் ஒரு தடவையாவது படும் அதிர்ச்சி. காரணம் இரண்டில் ஒன்று.

விர்ஷ் லிஸ்ட் ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் காட்டும். அணைந்திருப்பதும் வேண்டுமென்றால் விர்ஷ் லிஸ்ட் --ஆல். அதற்கும் காலியாக இருந்தால் நீங்கள் தவறான வாசலில் நிற்கிறீர்கள். லிப்விர்ட்டில் சிஸ்டம், செஷன் என்று இரண்டு வாசல் உண்டு. சாதாரணப் பயனராக விர்ஷ் அடித்தால் அது செஷன் பக்கம் போய்விடும், சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) அடித்தால் சிஸ்டம் பக்கம் போகும். விர்ட்-மேனேஜரில் செய்த விஎம்கள் பெரும்பாலும் சிஸ்டம் பக்கம் இருப்பவை. உங்கள் பயனரை லிப்விர்ட் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியே போய் மறுபடி லாகின் செய்து, விர்ஷ் -சி என்று போட்டு அதன் பின்னால் கியூஎமு:///சிஸ்டம் என்று முகவரி கொடுத்துப் பாருங்கள், எல்லாம் அங்கேயே இருக்கும். எஸ்எஸ்ஹெச் என்பது நெட்வொர்க் வழியாக வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. அதே முகவரியில் கியூஎமு+எஸ்எஸ்ஹெச் என்று மாற்றி சர்வர் பெயரையும் சேர்த்தால் வேறு ஊரில் இருக்கும் ஹோஸ்டையும் உங்கள் மடிக்கணினியில் இருந்தே பார்க்கலாம்.

விர்ஷ் டெஸ்ட்ராய் போட்டால் விஎம் அழிந்துவிடுமா?

அழியாது. இந்தப் பெயரை வைத்தவர் மீது எனக்குத் தீராத கோபம். டெஸ்ட்ராய் என்பது ஓடுகிற கணினியின் பவர் வயரைப் பிடுங்குவது மாதிரி, அவ்வளவுதான். டிஸ்க் அப்படியே இருக்கும், ஸ்டார்ட் கொடுத்தால் எழுந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் அடிபடலாம் என்பது உண்மை, வயரைப் பிடுங்கினால் படும் அளவுக்கு.

சாதுவாகத் தெரியும் அன்டிஃபைன் கட்டளையைத்தான் பார்த்து அடிக்க வேண்டும். அது விஎம்மின் அமைப்பையே லிப்விர்ட் ஏட்டிலிருந்து கிழித்துவிடும். டிஸ்க் கோப்பு மிஞ்சும், ஆனால் எத்தனை சிபியு, எந்த நெட்வொர்க், எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) என்ற விவரம் எல்லாம் போய்விடும். அதோடு --ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜ் என்று சேர்த்துவிட்டால் டிஸ்க்கும் போச்சு. அன்டிஃபைன் அடிப்பதற்கு முன் விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் போட்டு அந்த வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். அந்தக் கோப்பு இருந்தால் விர்ஷ் டிஃபைன் கொடுத்து அமைப்பைத் திரும்பக் கொண்டுவரலாம்.

ஷட்டவுன் கொடுத்தேன், அணைகிறது என்று சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது.

விர்ஷ் ஷட்டவுன் ஒரு வேண்டுகோள் மட்டும்தான், பவர் பொத்தானை மெல்ல ஒரு தட்டு. கெஸ்ட் அதைக் காதில் வாங்கினால்தான் உண்டு. கெஸ்டுக்குள் கியூஎமு-கெஸ்ட்-ஏஜென்ட் நிறுவி, ஷட்டவுனோடு --மோட் ஏஜென்ட் சேர்த்தால் பெரும்பாலும் கேட்கும். விண்டோஸ் கெஸ்ட் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தால் காத்திருங்கள், அவசரப்பட்டு வயரைப் பிடுங்கினால் அப்புறம் ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

கரன்ட் போய் வந்தபின் ஹோஸ்ட் எழுந்துவிட்டது, விஎம்கள் எழவில்லையே?

விர்ஷ் ஆட்டோஸ்டார்ட் என்று போட்டு விஎம் பெயர். ஒரு தடவை போட்டால் போதும். நெட்வொர்க்குக்கும் தனியாக நெட்-ஆட்டோஸ்டார்ட் வேண்டும், அதை மறந்தால் நெட்வொர்க் இல்லாமல் விஎம்மும் கிளம்பாது.

விஎம்மின் ஐபி என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விர்ஷ் டொம்ஐஎஃப்அடர் என்று அடித்து விஎம் பெயர். லிப்விர்ட்டின் இயல்பான நெட்வொர்க்கில் இருந்தால் 192.168.122 என்று தொடங்கும் முகவரி வரும். பிரிட்ஜ் போட்டு விஎம்மை உங்கள் வெளி நெட்வொர்க்கிலேயே நேராக இணைத்திருந்தால் ஐபி கொடுத்தது உங்கள் ரவுட்டர், லிப்விர்ட்டுக்கு அது தெரியாது, காலியாகக் காட்டும். அப்போது --சோர்ஸ் ஏஜென்ட் சேர்த்தால் கெஸ்டையே கேட்டுச் சொல்லும்.

ஒரு விஎம்மை நகலெடுத்தேன், இரண்டுக்கும் ஒரே ஐபி வருகிறது. மேக் முகவரி வேறுவேறுதான்.

இதில் நான் ஒரு முழு நாளை விட்டிருக்கிறேன். மேக் வேறாக இருந்தால் ஐபியும் வேறாக வர வேண்டும் என்றுதானே நினைப்போம்? புதிய உபுண்டு சர்வர்களில் டிஹெச்சிபி வழியாக ஐபி கேட்கும்போது மேக் முகவரிக்குப் பதில் மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய ஓர் அடையாளத்தை அனுப்புவார்கள். நகலெடுத்தால் மெஷின்-ஐடியும் சேர்ந்தே நகலாகும், ஆக ரவுட்டருக்கு இரண்டும் ஒரே ஆள். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளும் இப்படியே இரட்டைப் பிள்ளையாகிவிடும், அது பாதுகாப்புக்கும் ஆகாது. விர்ட்-குளோன் போட்டவுடன், புது விஎம்மை இயக்குவதற்கு முன்பே, அதன் மேல் விர்ட்-சிஸ்ப்ரெப் ஓட்டுங்கள். இது மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் அடையாளங்களை அது துடைத்துவிடும். துடைத்தபின் முதல் தடவை எழும்போது எஸ்எஸ்ஹெச் சாவி புதிதாக உருவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், டெபியனில் சில நேரம் நாமே கையால் செய்ய வேண்டும்.

விர்ஷ் கன்சோல் போட்டால் கருப்பாக நிற்கிறது, வெளியே வரவும் தெரியவில்லை.

வெளியே வர கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு வலது சதுர அடைப்புக்குறி. கருப்பாக நிற்பதற்குக் காரணம், கெஸ்ட் தன் சீரியல் போர்ட்டில் எதையும் பேசாமல் இருப்பது. முதலில் ஒரு என்டர் தட்டிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கெஸ்டுக்குள் போய் சீரியல்-கெட்டி சேவையை டிடிஒய்எஸ்0க்கு எனேபிள் செய்ய வேண்டும், இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து. கெஸ்ட் நன்றாக ஓடும்போதே செய்துவையுங்கள், ஏனென்றால் கன்சோல் தேவைப்படும் நாளில் உள்ளே போக வேறு வழி இருக்காது.

ஃபயர்வால் போட்டேன், என்னையே வெளியே தள்ளிவிட்டது.

சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தின கதை. மேலே சொன்ன கன்சோல் இதற்குத்தான். எஸ்எஸ்ஹெச் முன்வாசல் என்றால் ஹோஸ்டிலிருந்து வரும் கன்சோல் கொல்லைப்புறக் கதவு, ஃபயர்வால் அதைத் தொடாது. வெறும் இரும்பு சர்வரில் இந்தச் சௌகரியத்துக்குத் தனியாக ஒரு நிர்வாகக் கார்டு வேண்டும், விஎம்மில் சும்மாவே கிடைக்கிறது.

அடுத்த தடவை யுஎஃப்டபிள்யூ எனேபிள் கொடுத்து ஃபயர்வாலை இயக்குவதற்கு முன் எஸ்எஸ்ஹெச்சை அனுமதிக்கும் விதியைச் சேர்த்துவிடுங்கள். எனக்கு இன்னும் நம்பிக்கை வராது என்பதால், ஐந்து நிமிடம் கழித்து யுஎஃப்டபிள்யூ டிசேபிள் ஓடட்டும் என்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் ஆட் கட்டளையில் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்துவிடுவேன், மாட்டிக்கொண்டால் ஐந்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும். உபுண்டுவில் ஐபி மாற்றும்போது நெட்பிளான் அப்ளை அடிக்காமல் நெட்பிளான் டிரை அடியுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் சரி என்று தட்டாவிட்டால் அதுவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். எஸ்எஸ்ஹெச் அமைப்பை மாற்றினால் எஸ்எஸ்ஹெச்டி -டி போட்டுப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருக்கும் ஜன்னலை மூடாமல் இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். அது உள்ளே விட்டால்தான் பழையதை மூட வேண்டும்.

எஸ்எஸ்ஹெச்சுக்குப் பாஸ்வேர்டு போதாதா?

எஸ்எஸ்ஹெச் பிறந்ததே பாஸ்வேர்டு திருட்டால். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளைத் திரட்ட, அதைப் பார்த்து டாட்டு இலோனென் எழுதியது அது. எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். இன்று யாரும் வழியில் ஒட்டுக்கேட்க முடியாது, ஆனால் இணையத்தில் திறந்துவைத்த சர்வரின் லாகைப் பாருங்கள், ரூட், அட்மின் என்று பெயர் மாற்றி மாற்றி நாள் முழுக்கக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இடி25519 வகைச் சாவி உருவாக்கி, எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடியால் சர்வருக்கு அனுப்பி, சாவியில் நுழைய முடிகிறது என்று பார்த்தபின் பாஸ்வேர்டு வழியை அடைத்துவிடுங்கள். சாவிக்கே ஒரு பாஸ்பிரேஸ் வையுங்கள், மடிக்கணினி தொலைந்தாலும் தூக்கம் வரும்.

ஹோஸ்ட் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் மிரட்டுகிறதே?

விஎம்மை அழித்து அதே ஐபியில் புதிதாகப் போட்டிருந்தால் இப்படித்தான் வரும். எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஆர் போட்டு அந்த ஐபியின் பழைய பதிவை நீக்குங்கள், இதில் ஆர் பெரிய எழுத்து. நீங்கள் எதையும் மாற்றாமலே வந்தால் நீக்காதீர்கள், முதலில் விசாரியுங்கள்.

பெரிய வேலை ஓடும்போது இணைப்பு அறுந்தால் வேலையும் நின்றுவிடுகிறது.

டிமக்ஸ். சர்வருக்குள் நுழைந்ததும் டிமக்ஸ் அடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இணைப்பு போனால் மறுபடி நுழைந்து டிமக்ஸ் அட்டாச், விட்ட இடத்தில் நிற்கும். உறைந்துபோன எஸ்எஸ்ஹெச் ஜன்னலை மூட என்டர், டில்டே, புள்ளி என்று வரிசையாகத் தட்டலாம், இது பல பழைய கைகளுக்கே தெரியாது.

தப்பான சர்வரில் கட்டளை அடிக்காமல் இருக்க ஏதாவது வழி?

இதற்கு முழு நிவாரணம் கிடையாது. ஒரு வாடிக்கையாளர் இடத்தில், சோதனை விஎம்மை அணைக்கிறேன் என்று ஹோஸ்டையே அணைத்தவன் நான். வெள்ளிக்கிழமை மாலை, ஆறு விஎம்களும் போயின, சர்வர் அறைச் சாவி வைத்திருந்தவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். இரண்டு ஜன்னலும் ஒரே கருப்பு, ஒரே எழுத்து, என் கண் எழுத்தைப் பார்த்ததே தவிர அதற்கு முன்னால் இருந்த பெயரைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஹோஸ்டுகளின் பிராம்ப்ட் எனக்குச் சிவப்பு, சோதனை விஎம்கள் பச்சை. டெபியன், உபுண்டுவில் மாலி-கார்டு என்ற பொதி இருக்கிறது, உடனே நிறுவுங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக வந்து ஷட்டவுனோ ரீபூட்டோ அடித்தால், இந்த சர்வரின் பெயர் என்ன என்று கேட்கும். சரியாகச் சொன்னால்தான் அணைக்கும். பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு: ஒரு புரோகிராமரின் குட்டி மகள் மாலி, ஐபிஎம் 4341 பெருங்கணினியின் பெரிய சிவப்பு சுவிட்சை ஒரே நாளில் இரண்டு தடவை தட்டிவிட்டாளாம். அப்புறம் அந்த சுவிட்சுக்கு மூடி போட்டார்கள், மூடிக்கு அவள் பெயர் வந்தது.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப்பில் ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அடைவை அழித்தார். ஒன்றிரண்டு நொடியில் தவறு புரிந்து நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள்.

ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்திருக்கிறேன், பேக்கப் எதற்கு?

அதே கதையைத் தொடருகிறேன். அங்கே தினசரி பேக்கப் என்று ஒன்று இருந்தது, ஆனால் டேட்டாபேஸின் பதிப்பும் பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் ஒத்துப்போகாமல் அது ஓடவே இல்லை, ஓடவில்லை என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். பார்த்தீர்களா, ஸ்னாப்ஷாட்தானே காப்பாற்றியது என்று கேட்பீர்கள். அது இன்னொரு சர்வருக்கு நகலாகிப் போயிருந்தது.

நீங்கள் விர்ஷ் ஸ்னாப்ஷாட்-கிரியேட்-ஆஸ் போட்டு எடுப்பது பெரும்பாலும் விஎம்மின் டிஸ்க்கான அதே கியூகௌ2 கோப்புக்குள்ளேயே உட்காரும். கோப்பு கெட்டால், டிஸ்க் செத்தால், இரண்டும் ஒன்றாகப் போகும். அப்டேட் போடுவதற்கு முன் ஒன்று எடுங்கள், எல்லாம் சரி என்று தெரிந்ததும் நீக்கிவிடுங்கள். பேக்கப் என்றால் வேறு பெட்டியில் இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு விஎம்மை எழுப்பியும் பார்த்திருக்க வேண்டும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கில் அனுப்புவதானால் விஎம்மை அணைத்துவிட்டு அனுப்புங்கள், ஓடும் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால் பாதி பழையது பாதி புதியது என்று ஒரு கலவை வரும். --டெலீட் சேர்க்கும்போது முதலில் -என் போட்டு ஒத்திகை பாருங்கள். மூல அடைவின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் அடைவே போகும், இந்த ஒரு எழுத்தால் அழிந்தவை ஏராளம்.

விஎம்மின் டிஸ்க் நிறைந்துவிட்டது. பெரிதாக்குவது எப்படி?

மூன்று படி. வெளியே டிஸ்க், அதற்குள் பார்டிஷன், அதற்குள் கோப்பு முறைமை. முதல் படியோடு நிறுத்திவிட்டு இன்னும் நிறைந்தே இருக்கிறதே என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

விஎம் அணைந்திருந்தால் கியூஎமு-ஐஎம்ஜி ரீசைஸ், ஓடிக்கொண்டிருந்தால் விர்ஷ் பிளாக்ரீசைஸ். ஓடும் விஎம்மின் கோப்பில் கியூஎமு-ஐஎம்ஜி ரீசைஸைத் தொடவே கூடாது, டிஸ்க் பாழாகும். அடுத்து கெஸ்டுக்குள் குரோபார்ட். இங்கே டிஸ்க் பெயருக்கும் பார்டிஷன் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். கடைசியாக ஈஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ். நடுவில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிட்டுத் தரும் அடுக்கு) இருந்தால் பிவிரீசைஸும் எல்விஎக்ஸ்டெண்டும் சேரும். பெரிதாக்குவதற்கு முன் விஜிஎஸ் அடித்துப் பாருங்கள். உபுண்டு சர்வரை எல்விஎம் தெரிவோடு நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் ரூட்டுக்குக் கொடுக்காமல் ஒரு பங்கைச் சும்மா விட்டுவைக்கும் வழக்கம் உண்டு, உங்களுக்கு வேண்டிய இடம் ஏற்கெனவே உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். அப்புறம், எக்ஸ்எஃப்எஸ்ஸை வளர்க்கலாம், சுருக்க முடியாது.

பெரிய லாக் கோப்பை அழித்தேன், டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் இன்னும் நூறு சதவீதம் என்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் அந்தக் கோப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது விடும்வரை இடம் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 போட்டால் யார் பிடித்திருப்பது என்று தெரியும், இதில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எல் மட்டும் பெரிய எழுத்து. அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் டிஎஃப் -ஐ போட்டு ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவு) எண்ணிக்கையைப் பாருங்கள், குட்டிக்குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கும்.

விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருக்கிறேன், இதெல்லாம் எனக்கு ஆகாதா?

விர்ச்சுவல்பாக்ஸுக்கு விபாக்ஸ்மேனேஜ் என்ற கட்டளை இருக்கிறது. ஸ்டார்ட்விஎம்மோடு --டைப் ஹெட்லெஸ் சேர்த்தால் ஜன்னலே இல்லாமல் பின்னணியில் ஓடும். அணைக்க கன்ட்ரோல்விஎம், விஎம் பெயர், ஏசிபிஐபவர்பட்டன். அங்கே வயரைப் பிடுங்கும் கட்டளைக்கு பவர்ஆஃப் என்று ஒழுங்கான பெயர் வைத்திருக்கிறார்கள். விண்டோஸின் சொந்த மெய்நிகராக்கமான ஹைப்பர்-வி என்றால் பவர்ஷெல்லில் கெட்-விஎம், ஸ்டார்ட்-விஎம், ஸ்டாப்-விஎம்.

இருபது சர்வரிலும் ஒரே கட்டளையை ஓட்ட வேண்டும்.

பல சர்வர்களை ஒன்றாக மேய்க்கும் கருவியான அன்சிபிள் கற்றுக்கொள்ளுங்கள். சர்வர் பக்கம் பைதானும் எஸ்எஸ்ஹெச்சும் இருந்தால் போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம். --செக் போட்டு என்ன மாறும் என்று பார்த்துவிட்டு, --லிமிட் கொடுத்து ஒரே ஒரு சர்வரில் மட்டும் ஓட்டி, அதில் நுழைந்து கண்ணால் பார்த்தபின் மற்ற பத்தொன்பதுக்குப் போங்கள். ஒரு சர்வரில் செய்த தப்பைச் சரிசெய்யலாம், இருபதிலும் ஒரே நொடியில் செய்த தப்புக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.

டைப் செய்துகொண்டிருக்கும்போது திரை திடீரென்று உறைந்துவிட்டது. சர்வர் செத்துவிட்டதா?

சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள். கன்ட்ரோல் கியூ அழுத்துங்கள்.